காளியப்பன் அனுப்பிய மெயில்

— இல்லேன்னா இல்லே, ஹேமந்த். காளியப்பன்கிட்டேருந்து ஒரு மெயிலும் எனக்கு வரலே.

— இரிங்க சொர்ணலதா மேடம். சர்வர்ல தேடறேன். விசாரணை பதினோரு மணிக்குத்தானே?

— அரை மணிதான் இருக்கு. அந்த மனுஷன் பெரியாஸ்பத்திரியில ரெண்டு கையும் வெந்து கிடக்காரு. 'பாய்லர் வால்வு ஒழுகுதுன்னு சேஃப்டி மேடத்துக்கு எழுதினேன்'ங்கறாரு. மேனேஜர் 'பொய், சொல்லாம ஓட்டினான்'னு வேலையை விட்டே தூக்கப் பாக்கறாரு.

— மேடம்... ஸ்பேம்ல இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கடைசி மெயில் விபத்துக்கு முந்தின நாள்.

— அப்படியா? படி, படி.

— 'மேடம், வால்வு மறுபடியும் ஒழுகுது. போட்டோ வெச்சிருக்கேன். பாய்லரை நிறுத்தச் சொல்லுங்க.'

— அய்யோ ராமா! உன் ஃபில்டர் ஒரு மனுஷனைப் பொசுக்கிடுச்சுடா!

— இல்ல மேடம், அது தானா இப்படிப் பண்ணாது. மத்த ஆப்பரேட்டருங்க எழுதறதெல்லாம் நேரா வருதே. இவர் மெயிலை ஒதுக்கணும்னு யாரோ அதைப் பழக்கியிருக்காங்க.

— யாரு, மேனேஜரா? சொல்லு, விசாரணையில வெச்சுக் கிழிக்கறேன்.

— கதவைச் சாத்தட்டுமா மேடம்?

— பயப்படாதே. பேரைச் சொல்லு.

— இந்த மூணுக்கும் முன்னாடி ஒண்ணு உங்க இன்பாக்ஸுக்கே வந்திருக்கு. ஆடிட் நடந்த அன்னைக்கு. அதை யாரோ ஸ்பேம்னு அமுக்கினதாலதான் ஃபில்டர் மத்ததையும் ஒதுக்கிடுச்சு. அமுக்கினது... உங்க ஐடி மேடம்.

— நானா?

— தலைப்பு வெறும் 'அர்ஜென்ட் அர்ஜென்ட்'னு இருக்கு.

— ஏதோ லோன் விளம்பரம்னு... அன்னைக்கு இருந்த எரிச்சல்ல... திறந்துகூடப் பாக்கலேயே நான்.

— யார் அமுக்கினாங்கன்னு சர்வர் லாக்ல பதிவானது ஒரே ஒரு வரி மேடம். அழிச்சுடறேன். மூணு மெயிலை மட்டும் காட்டுவோம். ஃபில்டர் கோளாறுன்னா அவரும் தப்பிப்பாரு, நீங்களும் தப்பிப்பீங்க.

— ஃபில்டர் கோளாறுன்னா உன் தலையில்லையா உருளும்?

— ஒரு மெமோ குடுப்பாங்க. உங்களுக்குன்னா வேலையே போயிடும். பசங்க படிக்கறாங்க மேடம்.

— வெளியே பெஞ்சுல அவர் சம்சாரம் ராமக்காள் உட்கார்ந்திருக்கா. காலையில என் கையைப் பிடிச்சுட்டு, 'நீங்க ஒருத்தராவது எங்க பக்கம் நிக்கறீங்களே அக்கா'ன்னா.

— மணி பத்து அம்பது. அழிக்கட்டுமா?

— வேண்டாம். நாலு மெயிலையும் பிரிண்ட் எடு. அந்த லாக் வரியையும் சேர்த்து எடு, என் பேரு தெளிவாத் தெரியணும். முதல் காப்பி விசாரணைக்கு இல்லே, ராமக்காளுக்கு. நானே படிச்சுக் காட்டறேன்.