தண்ணீர் கேட்டதை அருள்வாக்கு என்றவர்கள் குறித்து

பெயர் தர்மாம்பாள், வயது அறுபத்தாறு, காலஞ்சென்ற சோமநாதன் மனைவி, செங்கம் சாலை, திருவண்ணாமலை. வேலூரில் கான்வென்ட்டில் படித்தவள். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். 1968 ஆகஸ்ட் மாதம் போலீஸ் ஏட்டு என் வீட்டுக்கு வந்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் வீட்டு மாடி அறையில் ஹென்றி என்ற வெள்ளைக்காரன் சித்திரை முதல் வாடகைக்கு இருந்தான். மரியாதையாகப் பேசுவான் என்பதால் மாலையில் கீழே அழைத்துக் காபி கொடுப்பது வழக்கம். சென்ற பௌர்ணமியன்று தானே காபி போட்டுத் தருவதாகச் சொல்லிக் கொடுத்தான். குடித்துச் சற்று நேரத்தில் கூடத்துச் சுவர் துணிபோல் அலைந்தது. என்ன செய்தாய் என்று கேட்டேன். சர்க்கரைக் கட்டியில் ஒரு மருந்து இருந்ததாகவும், நான் தினமும் கும்பிடும் சாமியை ஒருமுறை நேரில் பார்க்கட்டும் என்று போட்டதாகவும் சொன்னான். நான் அழத் தொடங்கியதும் பயந்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை, நாக்கு புரளவில்லை, காதில் மட்டும் எல்லாம் விழுந்தது. கிரிவலம் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வீட்டு வேலை செய்யும் ராணியம்மாள், "அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டுதுங்க, டாக்டர இட்டுனு வரேன்" என்று ஓடப்பார்த்தாள். எதிரே பூக்கடை வைத்திருக்கும் அப்பாதுரை அவளைத் தடுத்து, "டாக்டரா? அட போம்மா, இது நிஷ்டை. தொட்டா உனக்குத்தான் பாவம்" என்றான். என் கழுத்தில் மாலை போட்டான். கற்பூரம் கொளுத்தினார்கள். புகை தாங்காமல் மிகுந்த சிரமப்பட்டு "தண்ணீர்" என்றேன்.

"தண்ணின்னு வாக்கு வந்துடுச்சு! இந்த வருஷம் மழ ஜாஸ்திடா!" என்று அப்பாதுரை கத்தினான். கும்பல் அரோகரா போட்டது. ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. கூட்டம் கலைந்த பின் ராணியம்மாள்தான் கொடுத்தாள்.

மறுநாள் மழை பெய்தது என் துரதிர்ஷ்டம். அது முதல் தினமும் ஆட்கள் வருகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "சாமிங்க இப்படித்தான் தன்ன மறைச்சுக்கும்" என்கிறான் அப்பாதுரை. திட்டினால் அதுவும் ஆசீர்வாதம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் திட்டு வாங்கிக்கொண்டு போய், போதவில்லை என்று திரும்பி வந்தாள்.

அன்று என்ன தெரிந்தது என்று ஏட்டு கேட்டதற்குச் சொல்கிறேன். மலை, தூங்கும் பசுவைப்போல் மூச்சு விட்டது. அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் சமையலறை ஜன்னலில் சும்மா பார்த்து வந்த மலையை, இப்போது அசைகிறதா என்று உற்றுப் பார்க்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. இதற்கு எனக்குச் சம்மதமா என்று ஹென்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹென்றியைக் கண்டுபிடித்து, காபியில் கலந்ததை அவன் வாயால் ஊரறியச் சொல்ல வைக்க வேண்டும். அப்பாதுரை என் வாசலில் கற்பூரம் கொளுத்துவதை நிறுத்த வேண்டும்.

எழுதியதை ஏட்டு வாசித்துக் காட்ட வந்தார். நானே வாங்கிப் படித்தேன். "அம்மா அருள் நிலையில் இருந்தபோது" என்று அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது ஏட்டு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதையும் எழுதச் சொன்னேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தர்மாம்பாள்