குதிகாலில் ஒரு பிரேக்

— அந்தத் துடைப்பத்தைக் கீழ வை டிரைவரம்மா. தூசிக்கே பாவமா இருக்கும். விழுறதுக்குள்ள கூட்டிடுற.

— இருக்கட்டும் அக்கா. சாயந்திரம் உங்க பொண்ணு வர்றப்ப வீடு வீடா இருக்க வேணாமா? கட்டிலுக்கு அடியில மட்டும்தான் பாக்கி. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேலயே வச்சுக்கோங்க, அசைக்காதீங்க.

— அவ என்ன, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கவா ரயிலேறி வர்றா? உக்காரு. ஸ்கூல் விடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பஸ் எங்க?

— ஸ்கூல் வாசல்லதான் நிக்குது. காலையில பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டா சாயந்திரம் ஏத்துற வரைக்கும் எனக்கு என்ன வேலை? சும்மாதானே.

— அந்தச் சும்மாவுலதான் எனக்கு சூப்பு வைக்கிறது, துணி துவைக்கிறது, ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது எல்லாம். நேத்து கீழ்வீட்டுக்காரி கேக்குறா, இவ்வளவு நல்ல ஆளு எந்த ஏஜென்சியில கிடைச்சாங்கன்னு.

— என்ன சொன்னீங்க?

— காலை ஒடிக்கிற ஏஜென்சியிலன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

— ஐயோ அக்கா!

— சிரிம்மா. சிரிச்சா எலும்பு லேட்டாவா கூடும்?

— எனக்குச் சிரிப்பு வரல. உங்க பொண்ணு வந்து என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டா என்ன சொல்றதுன்னு காலையில இருந்து அதே யோசனை. இன்னைக்கு ஒரு ஸ்டாப்ல பிள்ளை ஏறுறதுக்கு முன்னாடியே வண்டியை எடுக்கப் பாத்தேன். கடவுளே, இது மாதிரி எனக்கு ஆனதே இல்ல.

— அவளுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். பூங்காவுல யாரோ சக்கர ஷூ மாட்டிக்கிட்டு வந்து அம்மாவை இடிச்சுத் தள்ளிட்டாங்க. அப்புறம் யாரோ ஒரு நல்ல மனுஷி தினமும் வந்து அம்மாவைப் பாத்துக்குறாங்க. ரெண்டு யாரோவும் ஒரே ஆளுன்னு நான் சொல்லல.

— ஏன் அக்கா சொல்லல?

— அவ போன்லயே குதிக்கிறா. வந்ததும் அந்த ஆளைக் கண்டுபிடிச்சு போலீஸ்ல புகார் குடுத்துட்டுத்தான் பல்லு விளக்குவாளாம்.

— குடுக்கட்டும். நானே சொல்லிடுறேன். அதுக்குத்தான் இன்னைக்கு நல்ல புடவையா பாத்துக் கட்டிட்டு வந்தேன்.

— புகாருக்கு எதுக்குடி நல்ல புடவை?

— தெரியல. கந்தலாப் போய் நின்னா இரக்கத்துக்கு நடிக்கிறேன்னு நினைச்சுக்குவாங்கன்னு.

— சரி, மேல யோசி. கேஸுன்னு ஒண்ணு ஆச்சுன்னா ஸ்கூல்ல உன்னை விட்டு வைப்பாங்களா?

— மாட்டாங்க. ஆளை இடிச்சவ கையில எந்தத் தாய் பிள்ளையை ஏத்தி விடுவா? பஸ்ஸுல இடிச்சியா செருப்புல இடிச்சியான்னெல்லாம் கேக்க மாட்டாங்க.

— வீட்டுக்காரர் என்ன சொல்றார்?

— அவருக்கு எதுவும் தெரியாது. சக்கர ஷூ பழகப் போறப்ப ஓவர்டைம்னு சொன்னேன். இங்க வர்றதுக்கு வண்டி கழுவுறேன்னு சொல்லியிருக்கேன். பாவம், இத்தனை சோப்புத் தண்ணியில கை வெந்து போயிருக்கும்னு எண்ணெய் வாங்கிட்டு வந்து வச்சிருக்கார் மனுஷன். நான் இன்னும் மூடியைக்கூடத் திறக்கல.

— ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை பொய்! இங்க பாரு. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வர்றவங்களைக் கேள்வி கேட்டே காலத்தை ஓட்டினவ. என் பொண்ணு வயித்துக்குள்ள இருக்குறப்பவே அதைக் கேட்டு வளந்தவ. நீ ஒரு இடத்துல தடுமாறினா போதும், உன்னை உரிச்சு உப்புத் தடவிடுவா. அதனால முதல்ல என்கிட்ட சொல்லிப் பாரு. முதல்ல இருந்து, விடாம.

— உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே அங்க இருந்தீங்க.

— நான் அடிபட்ட பார்ட்டி. எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். நீ சொல்லு. எதுக்கு இந்த வயசுல சக்கரம்?

— இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நான் நாள் முழுக்க ஊரைச் சுத்துறேன் அக்கா. ஆனா உக்காந்த இடத்துலயே உக்காந்து சுத்துறேன். இடுப்புக்குக் கீழ காலுன்னு ஒண்ணு இருக்குன்னே மறந்து போச்சு. ஒரு நாள் சிக்னல்ல நிக்கிறேன். என் வயசுதான் இருக்கும், ஒரு பொம்பளை, ஒரே வரிசையில சக்கரம் வச்ச ஷூ, வழுக்கிக்கிட்டே என் பஸ்ஸைத் தாண்டிப் போறா. பின்னால ஹாரன் அடிக்கிற வரைக்கும் வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

— வாங்கிட்ட.

— வாங்கிட்டேன். மூடிக் கிடக்குற ஒரு பெரிய கடையோட பார்க்கிங்ல ஒருத்தர் சொல்லிக் குடுக்குறார். எல்லாம் வளந்தவங்கதான், பல் டாக்டர் ஒருத்தர், ரெண்டு நர்ஸு. முதல் நாள் எழுந்து நிக்கவே முடியல. கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அத்தனை பெரிய பஸ்ஸை ஒரு டம்ளர் தண்ணி தளும்பாம நிறுத்துறவ நான். என்னை நிறுத்த எனக்குத் தெரியல!

— அதுல பிரேக்கே கிடையாதா?

— உண்டு. வலது குதிகால்ல ஒரு ரப்பர் கட்டை. காலை முன்னால நீட்டி, விரலைத் தூக்கி, குதிகாலை அழுத்தணும். சொல்றப்ப சுலபமா இருக்கும். கால் நம்ம பேச்சைக் கேக்கணுமே! எனக்கு வேகம் வந்தா, பஸ்ஸுல மாதிரி, வலது பாதம் தானா கீழ அமுங்குது. அங்க ஒண்ணும் இல்ல. வெறும் தரை.

— அது சரி. அன்னைக்குப் பூங்காவுக்கு ஏன் வந்த? சொல்லிக் குடுக்குறவர் கூட்டிட்டு வந்தாரா?

— இல்ல. அவர் வேணாம்னுதான் சொன்னார். சரிவு இருக்குற இடத்துக்கு இப்பப் போகாதீங்கம்மான்னு என்னைப் பாத்தே சொன்னார்.

— இதை இவ்வளவு நாளும் நீ என்கிட்ட சொல்லல.

— சொல்லல. மழை பேஞ்சு பார்க்கிங் ஈரம். வகுப்பு இல்லன்னாங்க. ஓவர்டைம்னு வீட்டுல சொல்லிட்டேன், ஷூவும் பையில இருக்கு. பூங்காவுக்குப் போனா அதுக்குள்ள வெயில் பட்டுப் பாதை காஞ்சு கிடக்குது. கீழ சமமா இருக்குற இடத்துல சுத்தி வந்தேன். விழவே இல்ல. அந்தத் திமிரு. மேல ஏறிப் போய் அங்க இருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு.

— ஏறிட்ட. அப்புறம்?

— முதல்ல சொர்க்கம் அக்கா. சத்தியமா சொல்றேன், காத்து காதுல விசில் அடிக்குது, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வளைவு. வளைவைத் தாண்டுனா நடுப்பாதையில நீங்க.

— நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?

— நின்னுட்டு இருந்தீங்க. கையில ஒரு குடை.

— உன்னைப் பாத்தேனா?

— பாத்தீங்க. நேரா என்னையே பாத்தீங்க. நான் விழாம இருக்கக் கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு, தள்ளுங்க தள்ளுங்கன்னு கத்துறேன். நீங்க பாவம், பயத்துல அப்படியே உறைஞ்சு போயிட்டீங்க.

— ம். அப்புறம்?

— மோதிட்டேன். அந்தச் சத்தம்… வேணாம் அக்கா. ஒவ்வொரு தடவை கியர் போடுறப்பவும் அந்தச் சத்தம் கேக்குது.

— எங்க ஆபீஸ்ல கடைசியா ஒரு கேள்வி கேப்போம். இந்த விபத்தை உங்களால தவிர்த்திருக்க முடியுமான்னு. என் பொண்ணும் இதைத்தான் கேப்பா. என்ன சொல்லுவ? முடியாதுன்னு சொல்லிடு. பிரேக் பிடிக்கல, புதுசு, தெரியல. முடிஞ்சு போச்சு.

— முடியும் அக்கா.

— என்னது?

— முடியும். தவிர்த்திருக்கலாம். ரெண்டு பக்கமும் புல்லு. எங்களுக்கு முதல் பாடமே விழுறதுதான். நிறுத்த முடியலன்னா முட்டியை மடக்கிப் புல்லுப் பக்கமாச் சாஞ்சு விழுந்துடணும். பத்துத் தடவை விழ வச்சுப் பழக்கினார். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அந்த நேரத்துல தெளிவா ஞாபகம் வந்துச்சு. விழுன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல்.

— ஏன் விழல?

— கை ஒடிஞ்சா ஸ்டீயரிங் பிடிக்க முடியாதே, வேலை போயிடுமே, வீட்டுல மாட்டிக்குவோமேன்னு நினைச்சேன். அதெல்லாம் நினைக்க நேரம் இருந்துச்சு பாருங்க! என் கைக்குப் பயந்துக்கிட்டு உங்க காலை ஒடிச்சுட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில, பாவம் இவ வேணும்னேவா பண்ணினா, விடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க, நானும் அதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதைச் சொல்ல வாய் வராமத்தான் கூட்டுறேன், துடைக்கிறேன்.

— அழாத. துண்டு உன் பக்கத்துல இருக்கு, எடு.

— திட்டுங்க அக்கா. நீங்க துண்டு குடுத்தா எனக்கு இன்னும் மோசமா இருக்கு. ஷூவைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். இனி ஜென்மத்துக்கும் கிடையாது.

— எப்ப போட்ட?

— நேத்து. எங்க தெரு முனையில.

— போய் எடு.

— என்ன?

— லாரி வர்றதுக்குள்ள போய் எடுத்துடு. நல்ல பொருளைக் குப்பையில போடுறது என்ன பழக்கம்? சாயந்திரம் என் பொண்ணுகிட்ட நீ பேச வேணாம். நான் பேசிக்கிறேன்.

— அது முடியாது. உங்க மறைவுல ஒளிஞ்சுக்கிட்டு நான் நிம்மதியா பஸ் ஓட்ட முடியாது அக்கா. அவங்க திட்டணும், அடிக்கணும்னா அடிக்கட்டும்.

— உன்னை மறைக்கப் பேசலம்மா. அவகிட்ட சொல்ல வேண்டியது என் பக்கம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிட்டா புகார் நிக்காது.

— உங்க பக்கமா? நின்னுட்டு இருந்தவங்களுக்கு என்ன பக்கம்?

— உறைஞ்சு போயிட்டேன்னு சொன்னியே. நான் உறையல.

— பயந்துதானே…

— பயப்படவும் இல்ல. நீ வளைவுல திரும்புறப்பவே பாத்துட்டேன். நீ கத்துனது ஒவ்வொண்ணும் காதுல விழுந்துச்சு. ரெண்டு பக்கமும் புல்லுன்னு நீதானே சொன்ன? உனக்கு இருந்த புல்லுதானே எனக்கும்? ஒரு எட்டு வச்சா போதும், நீ தாண்டிப் போயிருப்ப.

— அக்கா, என் மனசு ஆறணும்னு எதையாவது சொல்லாதீங்க.

— இத்தனை வருஷமா யார் பொய் சொல்றா, யார் நிஜம் சொல்றான்னு பாத்தே பிழைச்சவ நான். என் மூஞ்சியைப் பாரு. நகர நேரம் இருந்துச்சு. தெம்பும் இருந்துச்சு. நகரல.

— தெரிஞ்சே?

— தெரிஞ்சே.

— கடவுளே. இவ்வளவு நாளா… நான் உங்க துணியைத் துவைச்சேன். உங்களைத் தாங்கிப் பிடிச்சுக் குளிப்பாட்டினேன். ராத்திரி எழுந்து உக்காந்து அழுறேன், பல்லு வலின்னு அவர்கிட்ட சொல்றேன். அதையெல்லாம் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்களா?

— இருந்தேன்.

— ஏன்?

— சொன்னா நீ வர மாட்ட. தினமும் இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் இருப்பேன். மாடிப்படியில உன் செருப்புச் சத்தம் கேக்கும். சூப்பைக் குடிச்சுட்டுச் சொல்லலாம்னு தோணும். குடிச்சதும் நாளைக்குன்னு ஆகிடும். உன்னை மாதிரிதான், எனக்கும் வாய் வரல. தப்புதான். நகராம நின்னதை விட அது பெரிய தப்பு.

— என் பை எங்க? நான் கிளம்புறேன்.

— கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு. கோவிச்சுக்கோ, உனக்கு உரிமை இருக்கு. நான் குடுத்த வீட்டுச் சாவியை மட்டும் மேஜை மேல வச்சுட்டுப் போ, வேணும்னா.

— செத்துப் போயிருந்தா? தலை அடிபட்டிருந்தா? அதை யோசிச்சீங்களா நீங்க? நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்!

— யோசிக்கல.

— சாகணும்னா நின்னீங்க? சொல்லுங்க அக்கா. அதுக்கா நின்னீங்க?

— சீ, அதெல்லாம் இல்ல. அடுப்பை அணைச்சோமான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் வாக்கிங் வந்தேன். சாகப் போறவ அப்படியா வருவா?

— அப்புறம் என்னதான் காரணம்? கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், சொல்லிடுங்க. ஏன் நகரல?

— ரெண்டு கையையும் அகல விரிச்சுக்கிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு ஒருத்தர் அப்படி ஓடி வந்து எத்தனையோ வருஷமாச்சும்மா, விலகிப் போக மனசு வரல.