பஸ்ஸைத் திருப்பிய பதினோரு தட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ், நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பி, மூடிய ரயில்வே கேட்டின் முன் நின்றிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

"டிரைவருக்கும் சேத்து ஆரத்தி எடுத்துட்டாங்கக்கா."

"எந்த டிரைவருக்கு?"

"இதே பஸ்தான். போன வாரம் நாத்தனார் பொண்ணுக்கு சடங்கு. தாய்மாமன் சீரு, பதினோரு தட்டு, ஆளுக்கு ஒண்ணா தூக்கிக்கிட்டு ஏறினோம். பாதி வழியில கண்டக்டரு, 'ஊருக்குள்ள போவாது, பைபாஸ்லயே எறங்கிக்குங்க'ன்றாரு."

"எப்பவும் அதானே பண்றாங்க. நடந்தே போனீங்களா?"

"நானா? 'தாய்மாமன் சீர நடுரோட்டுல எறக்க மாட்டோம். மேளம் எங்க நிக்குதோ அங்கதான் எறங்குவோம்'னுட்டேன். பதினோரு பேரும் தட்ட மடியில வச்சிக்கிட்டு அசையலியே!"

"திருப்பிட்டாங்களா?"

"திருப்பாம? பஸ்ஸ பாத்ததும் மேளக்காரங்க வெளுத்து வாங்கிட்டாங்க. சீருக்குன்னே தனி பஸ்ஸு புடிச்சி வந்திருக்கோம்னு நெனச்சிட்டாங்கக்கா! நாத்தனாரோட மாமியார்தான் ஆரத்தித் தட்டோட ஓடியாந்தாங்க. 'ஒங்க அண்ணன் வீட்டு சீரு ஒரு கூடையில அடங்கிடும்'னு நாத்தனார்கிட்ட சொன்ன அதே அம்மா, டிரைவருக்கும் சேத்து சுத்துனாங்க."

ரயில் தடதடத்துப் போனது. கேட் இன்னும் திறக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏம்பா, பைபாஸ்ல போவாம இங்க எதுக்கு வந்து நிக்கிறீங்க?"

கண்டக்டர் முன் சீட்டைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த அம்மா ஏறியிருக்காங்க சார்."