படகுப் பாய்க்குப் போட்ட கஞ்சி

ராஜவேலு: …அதான் சொல்றேனே, படகு நவருது. நல்லாப் பாரு, தீவு கிட்ட வந்துடுச்சு.

சந்திரா: ஏங்க, ஒரு மணி நேரமா அந்தத் தீவுல ஒரே பனமரத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஓலையக் கூட எண்ணி முடிச்சுட்டேன்.

கலீமுல்லா: தங்கச்சி, இது ஆம்பூர் பஸ்ஸு இல்ல. பாய்மரப் படகு. காத்து வந்தாதான் போவும்.

சந்திரா: காத்து வருதே அண்ணே. என் முந்தானை ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒங்க பாயி மட்டும்தான் அசைய மாட்டேங்குது.

ராஜவேலு: மழையில நனைஞ்சிருக்கு. காஞ்சா சரியாப் பூடும்.

சந்திரா: காயட்டும், காயட்டும். கொடியில போட்ட ஈரத்துணி வேற இன்னா பண்ணும்? காலையில மண்டபம் கடக்கரையில பாய ஏத்தறப்ப இன்னா பேச்சு பேசுனீங்க! “தகரம் மாதிரி நிக்குது பாரு, குடியாத்தம் தறின்னா சும்மாவா”ன்னு…

ராஜவேலு: நின்னுச்சா இல்லியா?

கலீமுல்லா: நின்னுச்சுடா. கரையில இருந்த வரைக்கும் பிரமாதமா நின்னுச்சு.

சந்திரா: இதுல கட்டம் வேற. பச்சையும் நீலமும். தூரத்துல இருந்து பாக்கறவன், எந்த ராட்சசனோ கடல்ல எறங்கிக் குளிக்கறான், லுங்கிய அவுத்து மாட்டியிருக்கான்னு நெனைப்பான்.

ராஜவேலு: கட்டம் இல்லாம எனக்கு நெய்ய வராது. பன்னெண்டு வயசுல தறியில உக்காந்தது. வெள்ளையா நெய்யலாம்னுதான் ஆரம்பிச்சேன்… கை தானா நீல நூலத் தேடுது.

கலீமுல்லா: டேய், என் சட்டையில இன்னாடா பச்சையா?

சந்திரா: சாயம் எறங்குது அண்ணே. மூஞ்சியிலயும் இருக்கு. மஹ்பூபி அண்ணி பாத்தா, நான் கட்டிக்கிட்டது இந்த ஆளயான்னு கேக்கப் போறாங்க.

கலீமுல்லா: அவ எங்க பாக்கறா? உள்ள படுத்துக்கிட்டு பக்கெட்ட விட மாட்டேங்கறா. ஒவ்வொரு வாந்திக்கும் என் பேரச் சொல்றா.

சந்திரா: பாசம்.

கலீமுல்லா: இரு இரு… வேலு, பாயில இருந்து சொட்டுதே, இது மழத்தண்ணி மாதிரி இல்லியே? கொழகொழன்னு இருக்கு.

ராஜவேலு: அந்தப் பனமரம் எவ்ளோ ஒசரம் பாருடா.

சந்திரா: சொல்லுங்க. தோஸ்த்து கேக்கறாரு இல்ல?

ராஜவேலு: அது… கஞ்சி.

கலீமுல்லா: இன்னா கஞ்சி?

ராஜவேலு: அரிசிக் கஞ்சிடா. லுங்கிக்குப் போடறதுதான். கஞ்சி போடாத பீஸ எந்தக் கடைக்காரன் தொடுவான்? மொடமொடன்னு இருந்தாதான் கனமான துணின்னு எடுப்பான். ஒங்க சித்தப்பா, அந்தப் படகுக்கார சாச்சா, தடவிப் பாப்பாரேன்னு… ரெண்டு கை ஜாஸ்தியாப் போட்டேன்.

கலீமுல்லா: கடலுக்குப் போற துணிக்குக் கஞ்சி போட்டியாடா!

ராஜவேலு: கடல்ல மழ பேயும்னு எனக்கு எப்டிடா தெரியும்?

சந்திரா: மழய விடுங்க. கடல்ல தண்ணி இருக்கும்னாவது யாராச்சும் சொன்னாங்களா?

ராஜவேலு: நம்ம ஊரு ஆத்துல தண்ணி இருக்கா? அந்த நெனப்புலயே இருந்துட்டேன்.

கலீமுல்லா: அல்லா! அங்க பாரு, இழையெல்லாம் வெலகிப் போச்சு. கஞ்சி போனதும் சல்லடையா நிக்குது. காத்து இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவுது, டிக்கெட் கூட வாங்காம.

சந்திரா: மீனுங்களப் பாத்தீங்களா? படகச் சுத்திக் கூட்டம் கூடிடுச்சு. ஆடி மாசம் கூழ் ஊத்தறாங்கன்னு சொல்லியனுப்புனா மாதிரி.

ராஜவேலு: சிரிக்காத சந்திரா. இது வெளையாட்டு இல்ல. இந்தப் பாயி ஒழுங்கா ஓடுச்சுன்னா, இவன் சாச்சா தூத்துக்குடி தோணிக்காரங்க கிட்ட சொல்லி எரநூறு பாயிக்கு ஆர்டர் வாங்கித் தர்றேன்னு இருக்காரு. சொந்தமா நாலு தறி போட்டுடலாம். ஒங்கப்பன் தறிக் கொட்டாயில உக்காந்துக்கிட்டு, “மாப்ள, இழை அறுந்துடுச்சு, பாரு மாப்ள”ன்னு… எத்தினி வருசம்டி கேக்கறது?

சந்திரா: இழை அறுந்தாதானே சொல்றாரு?

ராஜவேலு: பாத்தியாடா? எப்பவும் அப்பன் பக்கம்.

சந்திரா: சரி, விடுங்க. பாயி கட்டியிருக்கற அந்தக் கட்டய அந்தாண்ட திருப்புனா கொஞ்சம் காத்துப் புடிக்காதா?

கலீமுல்லா: புடிக்கும். வேலு, திருப்பு.

ராஜவேலு: நான் ஏன் திருப்பணும்? ஓட்டத் தெரிஞ்சவன் நீ.

கலீமுல்லா: நானா? நான் தோல் மண்டியில கணக்கு எழுதறவன்டா. ஆட்டுத்தோலா மாட்டுத்தோலான்னு கேளு, கண்ண மூடிக்கிட்டு சொல்றேன். கயிறு, நூலுன்னா எனக்கு அத்துப்படின்னு சொன்னது யாரு?

ராஜவேலு: தறி நூலச் சொன்னேன்டா!

சந்திரா: அப்ப காலையில இவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டு வந்தது யாரு?

கலீமுல்லா: மண்டபத்துல நாலு பேரு தள்ளி விட்டாங்க. அப்புறம் அதுவா வந்துச்சு.

சந்திரா: நல்லது. புருஷனும் அண்ணனும் கூட்டிக்கிட்டுப் போறாங்க, பயம் இல்லன்னு எங்கம்மா கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

கலீமுல்லா: இருங்க… அதோ ஒரு வள்ளம் வருது! மீன் புடிக்கறவங்க. ஓய்! ஓஓய்!

ராஜவேலு: கத்தாத! கையக் கீழப் போடுடா!

கலீமுல்லா: ஏன்டா?

ராஜவேலு: கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க. கரையில ஒங்க சாச்சா நின்னு பாத்தா? ஆர்டர் போச்சு. தறி போச்சு. அரை மணி நேரம் பொறுடா, காஞ்சுடும்.

கலீமுல்லா: சாச்சா பாக்க மாட்டாருடா.

ராஜவேலு: காலையில இருந்து கரையில நின்னு பாத்துக்கிட்டு இருப்பாருன்னு நீதானே சொன்ன?

கலீமுல்லா: சொன்னேன்… அவரு மெட்ராஸ்ல இருக்காரு. வெள்ளிக்கெழமதான் வர்றாரு.

ராஜவேலு: சரி. ஆர்டர் விஷயம்?

கலீமுல்லா: அதுவும்… சொன்னேன்.

ராஜவேலு: அவரு சொன்னாரா, நீ சொன்னியா?

கலீமுல்லா: கோச்சுக்காதடா. வெள்ளைக்காரன் ஊருக்குப் போறப்ப சாச்சா அவன் கிட்ட வாங்கிப் போட்ட படகு. மூணு வருசமா காவக்காரன்தான் அதுல தூங்கறான். பழைய பாயி எலி தின்னுடுச்சு. புதுசுக்கு சாச்சா கிட்ட போய் நின்னா, ஆட்டுக்கு முன்னாடி என் தோல உரிச்சு சுண்ணாம்புல போட்டுடுவாரு. நிக்காஹ் ஆனப்ப மஹ்பூபி கிட்ட பெருசா சொல்லிட்டேன், ஒன்ன தீவு தீவாக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு. ஆர்டர்னு சொன்னாதான் நீ நெய்வ…

ராஜவேலு: ரெண்டு மாசம்டா! ராத்திரி பகலா நெய்ஞ்சேன்!

சந்திரா: அண்ணி தீவப் பாத்தாங்களா அண்ணே?

கலீமுல்லா: பக்கெட்டோட அடியப் பாத்துக்கிட்டு இருக்கா.

ராஜவேலு: என் பொழப்பே போச்சேடா… சந்திரா, ஒன் கிட்ட ஒண்ணு சொல்லல. கெளம்பறதுக்கு மொத நாளு ஒங்கப்பன் கையில தறியில ஓட்டற நாடாவக் குடுத்துட்டேன். “ஒங்க தறிய நீங்களே வெச்சுக்குங்க, திங்கக்கெழமயில இருந்து நான் வர மாட்டேன்”ன்னு. மூஞ்சிக்கு நேரா.

சந்திரா: தெரியும்.

ராஜவேலு: தெரியுமா?

சந்திரா: அன்னிக்கு சாயங்காலமே வந்தாரு. “ஒம் புருஷன் இந்த வருசத்துல மூணாவது வாட்டி நாடாவக் குடுத்துட்டுப் போறான், பாவு நூலு தறியிலயே இருக்கட்டும், வந்து நெய்வான்”ன்னு சிரிச்சாரு.

ராஜவேலு: சிரிச்சாரா?

சந்திரா: காப்பி குடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. அப்புறம் மூட்டையப் பிரிச்சுப் பாயத் தொட்டுப் பாத்தாரு.

ராஜவேலு: என் பாயியவா? இன்னா சொன்னாரு?

சந்திரா: “நெசவு தளர்த்தி, கஞ்சிதான் தாங்குது. ஒரு மழைக்கு நிக்காது. அலசிட்டு எடுத்துட்டுப் போவச் சொல்லு”ன்னாரு.

கலீமுல்லா: தங்கச்சி!

ராஜவேலு: அப்பவே தெரியுமா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?

சந்திரா: சொன்னா? அலசுவீங்க. தொவண்டு போவும். இது நல்லா இல்லன்னு மறுபடியும் மொதல்ல இருந்து நெய்ய உக்காருவீங்க. அதுக்குள்ள ஆடிக்காத்து வந்துடும். அப்புறம் தீவாளி லுங்கி. அப்புறம் எந்தப் படகு, எந்தத் தீவு?

கலீமுல்லா: காலையில இருந்து எங்கள அந்தப் பேச்சு பேசுனியேம்மா… நீ வேண்டா வெறுப்பா வந்தியோன்னு நெனச்சேன்!

சந்திரா: சிரிச்சுக்கிட்டு வந்தா, ஆசைப்பட்டுட்டா பாருன்னு சொல்ல மாட்டீங்களா? ஆத்து மணலத் தவிர நான் இன்னாத்த அண்ணே பாத்தேன்? இவ்ளோ தண்ணி… இவ்ளோ வெளிச்சம்… எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே வரல. ஏங்க, மொறைக்காதீங்க. வள்ளக்காரங்க கிட்ட வந்துட்டாங்க. எப்டியும் கயிறு கட்டி இழுக்கப் போறாங்க, அத ஏன் நேரா கரைக்கு இழுக்கணும்? அந்தாண்ட இன்னும் ரெண்டு தீவு தெரியுது, அதச் சுத்திக்கிட்டுப் போவச் சொன்னா இன்னா… நீங்க இன்னா சொல்றீங்க?