அக்காவுக்குன்னு பறிச்ச கொய்யா

...இல்ல தாயி, நீயே சொல்லு, இந்தா என் கையப் பாரு. ஓட்டையா இருக்கு? அஞ்சு வெரலும் ஒழுங்காத்தானே இருக்கு? எங்கக்கா சொல்றா, நஸீரா கையி ஓட்டக்கையி, அவகிட்ட எதக் குடுத்தாலும் தெருவுல போறவங்களுக்குத்தான் போய்ச் சேரும்னு. ஊரு பூரா சொல்லி வச்சிருக்கா! எங்கிட்டயே நேராச் சொன்னாக்கூடப் பரவால்ல. எங்கிட்டத்தான் பேசறதே இல்லியே! ரெண்டு வருசமாச்சு. எங்கூடப் பேசாத வாயி என்னயப் பத்தி மட்டும் பேசுதாக்கும்!

செத்தத் தள்ளி ஒக்காரு, இந்தக் கட்டப்பைய மடியில வச்சுக்கிறேன். கீழ வச்சா அடிபட்டுரும். எல்லாம் கொய்யா தாயி. எங்க தோட்டத்துக் கொய்யா. ஆயக்குடில ஏறுனேன்ல, அங்கதான் வாக்கப்பட்டது. பொறந்தது திண்டுக்கல்லு, பேகம்பூரு. இருவது காயி இருக்கு, எண்ணித்தான் போட்டேன். வெள்ளன எந்திரிச்சு, தொழுதுட்டு, கொக்கிக் கம்ப எடுத்துட்டு நானே போயி, பழுத்ததும் வேணாம் பிஞ்சும் வேணாம்னு நல்ல செங்காயாப் பாத்துப் பாத்துப் பறிச்சேன். எங்க வீட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டே கேக்குறாரு, யாவாரிக்குக்கூட இப்பிடிப் பறிக்க மாட்டியே நஸீரான்னு. யாவாரியும் எங்கக்காவும் ஒண்ணா? எல்லாம் அவளுக்குத்தான். காதர் பீவிக்கு மட்டுந்தான். ஒத்தக் காய்கூட வேற ஆளுக்கு இல்ல!

என்ன, வாசன வருதா? இந்தா ஒண்ணு எடுத்துக்க. அட எடும்மா! பக்கத்துல ஒரு புள்ளைய வச்சுக்கிட்டு நான் மட்டும் மோந்து பாத்துட்டே வர முடியுமா? அவ என்ன எண்ணியா பாக்கப் போறா? கழுவித்தான் வச்சிருக்கேன், கடி.

நல்லாருக்கா? ம்ம்... எங்க விட்டேன்? ஆங், நேத்து ரிஃபாத்து போன் பண்ணுனா. எங்கக்கா மக. அவளுக்கு ஆம்பளப்புள்ள பொறந்து நாப்பது நாளாச்சு, மாஷா அல்லா. சின்னம்மா, நாளைக்கு நாப்பது, நீ வந்தே ஆகணும்ங்குறா. அம்மா கூப்புடாது, நான் கூப்புடறேன், ஆனா வெறுங்கையோட மட்டும் வந்துராத, ஆயக்குடிக் கொய்யா கொண்டா. வாயத் தொறக்காம நேராப் போயி அம்மா கையில குடு, கொய்யாவப் பாத்தா அது கோவம் எறங்கிரும்னு சொல்றா. இந்த ரெண்டு வருசத்துல நான் எம்புட்டோ பண்ணிப் பாத்தேன். போன் பண்ணுனா எடுத்து மச்சான் கையில குடுத்துருவா. பெருநாளைக்குப் போனா அடுப்படிய விட்டு வெளியவே வர மாட்டா. இதான் கடேசி வழி. இதையும் விட்டா அப்பறம் எப்ப? அதான் பையி இம்புட்டுப் பத்தரம்.

என்ன தம்பி, லக்கேஜா? மடியில இருக்கறது லக்கேஜா! அப்ப இந்தப் புள்ள மடியில இருக்க பேக்கு என்னவாம்? கண்டக்டரு தம்பி, மொகமெல்லாம் வேர்த்துப் போயிருக்கு, காலைல சாப்டியா? இல்லியா! யா அல்லா, அதான் லக்கேஜு லக்கேஜுன்னு எரிஞ்சு விழுகுற. இந்தா, பிடி. இன்னொண்ணு டிரைவருக்குக் குடு. அவரு பசியோட ஓட்டுனா நமக்குத்தான் ஆபத்து.

பாத்தியா, இப்ப லக்கேஜு பத்தியே பேசாமப் போறான்.

சண்டையா? அது ஒண்ணுமில்ல தாயி. பிரியாணிச் சண்ட. திண்டுக்கல்லுல வேற எதுக்கு வரும்! ரிஃபாத்து கல்யாணத்தப்ப. மாப்ள வீட்டுக்காரங்களுக்குன்னு கறி தூக்கலாப் போட்டு ஒரு தேக்சா பிரியாணி தனியா எறக்கிருந்தாங்க. அக்கா என்னயக் கூப்பிட்டு, நஸீரா, வேற யாரையும் நான் நம்பல, நீ பக்கத்துலயே இரு, இந்த மூடிய யாரும் தொறக்கக் கூடாதுன்னா. நான் ஒரு சேரப் போட்டு தேக்சாவோட ஒட்டி ஒக்காந்துட்டேன், போலீசு மாதிரி. கடேசில மாப்ள வீட்டுப் பந்தியில எலையில விழுந்தது என்ன தெரியுமா? குஸ்கா. வெறும் சோறு! மாப்ளையோட மாமு எலையக் கெளறுறாரு, கெளறுறாரு, ஒரு எலும்புகூட இல்ல. எலைய மூடிட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சாரு பாரு, அவரு பின்னாடியே நாப்பது பேரு எந்திரிச்சாங்க. எங்கக்கா மொகம் செத்துப் போச்சு. அவங்க கையப் பிடிச்சு, காலப் பிடிக்காத கொறையா ஒக்கார வச்சா. எல்லாம் அந்தச் சமையக்காரரு ரஹ்மத்துல்லா பண்ணுன தப்பு. அளவு தெரியாம ஆக்கிட்டாரு. நான் என்ன செய்யட்டும்?

ஏம்மா, அந்தப் புள்ள ஏன் இப்பிடி வீறிட்டுக் கத்துது? சன்னலத் தொறந்து விடு. பல்லு மொளைக்குதா? அப்பக் கடிக்கக் குடுக்கணும். இந்தா, தோலச் சீவிட்டுக் குடு, சப்பிக்கிட்டே வரும். உனக்கும் ஒண்ணு வச்சுக்க, பால் குடுக்குறவ. அந்தப் பெரிய பாப்பாவுக்கு இல்லாட்டி அது அழும், இந்தாடி ராசாத்தி. முன்னாடி சீட்டு அய்யா, திரும்பிப் பாக்குறீங்க, பல்லு இல்லியேன்னு யோசிக்கிறீங்களா? ஒண்ணு லேசாப் பழுத்தது கெடந்துச்சு, அவசரத்துல பறிச்சிட்டேன். இருங்க, அடியில கெடக்கு. இந்தாங்க, வெண்ணையாட்டம் போகும்.

அட, என்ன சிரிக்கிற? அழுகுற புள்ளைக்கிக் குடுக்கறதெல்லாம் ஒரு கணக்கா?

எங்கக்காவுக்குக் கொய்யான்னா உசுரு. அதுக்கு ஒரு கத இருக்கு, கேளு. எங்கத்தா, அதான் எங்கப்பா, தோல் பதனிடுற ஷாப்புல வேல. சனிக்கெழம சாயங்காலம் வரும்போது ஒரே ஒரு கொய்யாக்கா வாங்கிட்டு வருவாரு. ரெண்டு புள்ளைக்கி ஒரு காயி. வீட்டுக் கதவுல ஒரு பூட்டுத் தொங்கும், என் தலை கனம் இருக்கும், திண்டுக்கல்லுப் பூட்டுல்ல! அக்கா அத எடுத்துக் கொய்யாவ வாசப்படில வச்சு ஒரே போடு. சதையெல்லாம் எனக்குக் குடுத்துட்டு நடுவுல இருக்க வெதைய மட்டும் அவ எடுத்துக்குவா. ஏன்க்கான்னா, எனக்கு வெதைதான்டி புடிக்கும், நறநறன்னு இருக்கும்பா. நானும் நம்பிட்டேன். கல்யாணமாகி ஆயக்குடிக்கு வந்தேனா, தோட்டம் பூரா கொய்யா! அக்கா ஞாபகம் வந்துருச்சு. பதினஞ்சு பழத்தப் பொளந்து, சதைய எல்லாம் எங்க மாமியாருக்குக் குடுத்துட்டு, நடுவுல இருக்க வெதைய மட்டும் வழிச்சு வழிச்சு ஒரு பெரிய டப்பா நெறையா அடைச்சு எடுத்துட்டுப் போனேன். மொத மொதல்ல அக்காவுக்குக் கொண்டு போற சீரு அது! அவ தொறந்து பாத்தா. என்னயப் பாத்தா. ஒக்காந்து அம்புட்டையும் தின்னா தாயி! ஒரு டப்பா வெதை! ஒத்த வார்த்த சொல்லலியே! மச்சான்தான் வாசல் வரைக்கும் வந்து, ஏம்மா நஸீரா, ஒங்கக்காவுக்கு வெதைன்னா ஆகாதே, பல்லுல மாட்டும்னு தொடவே மாட்டாளேங்குறாரு. நான் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் வர்ற வரைக்கும் அழுதேன், அதுக்கப்பறம் பழனி ரோடு பூரா சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, ஒரு டப்பா வெதை!

ஒனக்கும் கண்ணு கலங்கிருச்சு பாரு. வீட்டுல அம்மா இருக்காங்கள்ல? முட்டிவலியா? இந்தா, நாலு எடுத்துட்டுப் போ, ஒங்கம்மாவுக்கு. ஏய், வேணாம்னு சொல்லாத, ஒனக்கா குடுக்குறேன்? அவங்களுக்கு!

பின்னாடி யாரு அது, மொட்டையா இருக்கு? பழனில முடி குடுத்துட்டு வர்றீங்களா? ஏழு மொட்ட! சின்ன மொட்ட, பெரிய மொட்ட, என்ன அழகா இருக்கு! சந்தனம் காஞ்சு போச்சு, வெயிலு மண்டைல அடிக்கும், தாகமா இருக்கும். தள்ளித் தள்ளிக் குடுங்க, ஆளுக்கொண்ணு. ஏழையும் பிடிச்சிட்டீங்களா? ஆமா, முழுசாக் கழுவுனதுதான்.

எதச் சொல்லிட்டு இருந்தேன்? குஸ்காவா? நீ என்னம்மா, விடவே மாட்டேங்குற! அதான் சமையக்காரரு தப்புன்னேன்ல. சரி, மாப்ள வீட்டுக்காரங்களும் நேரத்துக்கு வரல. ரெண்டு மணி நேரம் லேட்டு. அதுவும் ஒரு காரணம்... ஏன் இப்பிடிப் பாக்குற? எங்கக்கா பாக்குற மாதிரியே பாக்குற.

சரி. சொல்றேன். கல்யாண மஹாலு வாசல்ல ஒரு வேனு பஞ்சராகி நின்னுச்சு. குஜிலியம்பாறைப் பக்கத்து ஆளுங்க, முப்பத்தஞ்சு பேரு. அடுப்புக்கு வெறகு எடுக்க வந்தவ சும்மா எட்டிப் பாத்தேன், அம்புட்டுத்தான். பொம்பளையெல்லாம் பட்டுச்சேலையோட மண்ணுல ஒக்காந்திருக்காங்க. என்னம்மான்னு கேட்டேன். கருப்பாயின்னு ஒரு பொம்பள, மூக்கு செவந்து கெடக்கு, சொல்றா, காதுகுத்துக்குப் போன எடத்துல மரியாதை பத்தலன்னு சண்ட வந்து, சாப்புடாமயே கெளம்பிட்டோம்னு. முப்பத்தஞ்சு பேரும் பட்டினி! பிரியாணி வாசன வேற அடிக்குது, கொழந்தைங்க மூக்க ஒறிஞ்சுதுங்க. நீயே சொல்லு தாயி, மூடியத் தொறக்கக் கூடாதுதான், ஆனா மூடிதான் எப்பிடிச் சும்மா இருக்கும்! ஒரு தட்டுன்னு ஆரம்பிச்சேன். ரஹ்மத்துல்லா கையப் பிடிச்சுத் தடுத்தாரு, பாவம், நான்தான் அவரத் தள்ளி விட்டேன். கறியா பாத்துப் பாத்துப் போட்டேன். கோவிச்சிட்டு வந்தவங்க சிரிச்சிட்டுப் போனாங்க. சிரிச்சிட்டு வந்தவங்க கோவிச்சிட்டாங்க. எந்தப்புத்தான். பூரா எந்தப்புத்தான். இத ஒங்கிட்டத்தான் மொதமொதச் சொல்றேன். அக்கா ஒரே ஒரு வாட்டி கேட்டா, நீயா நஸீரான்னு. நான் இல்லன்னுட்டேன். அவளுக்குக் கறி போனது கோவமில்ல தாயி, அது எனக்குத் தெரியும். நான் இல்லன்னு சொன்னதுதான்.

தொண்ட வறண்டுருச்சு. பொறு, நானும் ஒண்ணு கடிச்சுக்கிறேன். ம்... நல்ல காயி. அந்த ஓரத்து அண்ணன் ரெட்டியார்சத்திரத்துல ஏறுனதுலருந்து பாத்துட்டே வர்றாரு, பாவம், அவருக்கும் ஒண்ணு... இந்தாங்கண்ணே.

ஏன் தாயி பையப் பாக்குற? பையி... பையி ஏன் இப்பிடித் தொங்குது?

அல்லாவே!

இருவது இருந்துச்சு! எண்ணிப் போட்டேன்! இரு, கண்டக்டருக்கு ரெண்டு... மொட்ட ஏழு... ஒனக்கு... ஐயோ, ஒண்ணுமே இல்லியே! வெறும் எல! ஒரு எல கெடக்கு! திண்டுக்கல்லு வந்துருச்சே, தாயி, பாலம் தெரியுதே! வெறுங்கையோட வந்துராதன்னாளே ரிஃபாத்து! வேணாம், வேணாம், நீ திருப்பிக் குடுக்காத, ஒங்கம்மாவுக்குக் குடுத்தது, அத வாங்குனா நான் மனுசியா? பைக்குள்ள வையி. நீ சிரிக்காத! எனக்கும் சிரிப்பு வருது, எங்கக்கா சொன்ன ஓட்டை இந்தக் கையிலதான் இருக்கு! மொட்டைங்களா, நீங்களும் சிரிக்கிறீங்களா? தின்னுட்டுச் சிரிக்கிறீங்களா!

ஐயையோ. அங்க பாரு. எங்கக்கா பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறா. தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, பச்ச முந்தானை. ரிஃபாத்துதான் புள்ளையோட கூட்டிட்டு வந்திருக்கா. பைய மற தாயி... இல்ல, மறைக்காத. ஒரு வாட்டி பொய் சொன்னது போதும். இந்தா, சன்னல் வழியாக் காட்டுறேன். அக்கா! இந்தா பாரு! காலி! இருவது கொண்டாந்தேன், வழியில பூராத்தையும் குடுத்துட்டேன்! நான்தான் குடுத்தேன்! அன்னைக்கும் நான்தான், அந்தத் தேக்சா, நானேதான் தொறந்தேன்!

பையப் பாக்குறா. என்னயப் பாக்குறா. இடுப்புல கைய வச்சிட்டா...

வாய் அசையுது. தாயி, வாய் அசையுது! வையிறா! எங்கக்கா என்னய வையிறா! கேக்குதா ஒனக்கு? எனக்கு எஞ்சின் சத்தத்துல கேக்கல, ஏ டிரைவரு தம்பி, வண்டிய அமத்து! தள்ளுங்க, வழி விடுங்க! அக்கா, இந்தா வந்துட்டேன், எறங்கிட்டேன், நிறுத்திராதக்கா, நிறுத்திராத!