காயாத தகட்டின் எடை

வலது தோள்பட்டை வலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இந்த மேடையில் நிமிர்ந்து நிற்பவரே! கல்வத்தில் கரும்பொடியை அரைத்து அரைத்தே முப்பத்தொரு ஆண்டுகளைக் கரைத்தவரே! கடுகளவு பிசகுக்கும் கண்மூடாத தராசின் தோழரே! மின்வேதியியல் ஆய்வகத்தின் மில்லிகிராம் அண்ணனே, வணக்கம்!

நொடியில் மின்சாரத்தை வாங்கி நொடியில் திருப்பித் தரும் மீமின்தேக்கிக்கு மின்முனை செய்வது நம் ஆய்வகத்தின் தொழில். கேட்கப் பெரிய பேச்சு. கையில் எடுத்தால் கூலி வேலை. மாங்கனீசு ஆக்சைடை அரைக்க வேண்டும், பசையோடு குழைக்க வேண்டும், பஞ்சுபோல் துளைவிட்ட நிக்கல் தகட்டில் அப்ப வேண்டும், காயவைத்து நிறுக்க வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் நாங்கள், பாடுபட்டவர் நீங்கள்!

தராசு அறையில் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்தபடி படியிறங்கி ஓடுவீர்கள். எதையும் மூன்று முறை நிறுக்காமல் எண்ணை எழுத விடமாட்டீர்கள். "வீட்டுலயும் உப்பை மூணு தடவ நிறுத்துட்டுத்தான் உலையில போட விடுறாரு, அதுக்குள்ள பசியே போயிடுது" என்று முன்வரிசையில் இருக்கும் அண்ணி எங்களிடம் முறையிட்டதுண்டு.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் கதை சொல்லும் வழக்கமில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

எங்களில் ஒருத்தி, இன்று இங்கே உதவிப் பேராசிரியர், பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவி. கழுவிய வெறுந்தகடு உலரடுப்பில் பன்னிரண்டு மணி நேரம் காய வேண்டும் என்பது உங்கள் சட்டம். சோதனைக் கருவியில் தன் முறை தவறிவிடுமே என்று அவள் இரண்டே மணி நேரத்தில் தகட்டை எடுத்தாள். நீங்கள் சாப்பிடப் போயிருந்த வேளையில் தானே நிறுத்தாள். துளைகளுக்குள் ஈரம் இருந்தது. ஈரமும் எடையில் ஏறியது. பொடி பூசி நன்றாகக் காயவைத்து மறுபடி நிறுத்து, அதில் வெறுந்தகட்டின் எடையைக் கழித்தபோது, பொடியின் எடை உள்ளதில் பாதியாகத் தெரிந்தது. பாதிப் பொடி இவ்வளவு மின்சாரம் தாங்குகிறதா என்று ஆய்வகமே துள்ளியது. அன்றைய தலைவர் நிதிக் குழுவிடம் சொல்லியும்விட்டார்.

நீங்கள் மட்டும் துள்ளவில்லை. "தகடு காஞ்சுதாம்மா?" என்றீர்கள்.

"காஞ்சிடுச்சு அண்ணே."

புதுத் தகடுகள் மூன்றை முறைப்படி காயவைத்துச் செய்து பார்த்தீர்கள். மூன்றிலும், அதே எடைப் பொடிக்கு அவள் கணக்கில் வந்த மின்சாரத்தில் பாதிதான் வந்தது. கட்டுரை அனுப்பவிருந்த காலையில் தலைவரின் மேசைக்கு முன் போய் நின்றீர்கள்.

"எடை தப்பு சார்."

"எடை போடுறது யார் வேலை?"

அவள் கதவோரம் நின்றிருந்தாள். தகடு அடுப்பில் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் அவள் கையெழுத்திலேயே பதிவேட்டில் இருந்தன. அந்தப் பதிவேடு உங்கள் கக்கத்தில் இருந்தது. நீங்கள் அதைப் பிரிக்கவில்லை.

"என் வேலைதான் சார். தராசு என் பொறுப்பு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். உங்கள் பணிக்கோப்பில் 'கவனக்குறைவானவர்' என்று ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரியால் இரண்டு முறை பதவி உயர்வு உங்களைத் தாண்டிப் போனது. மறுநாள் அவளிடம் நீங்கள் சொன்னது இவ்வளவே: "தகட்டை எடுத்துட்டு வாம்மா. இந்தத் தடவ பன்னெண்டு மணி நேரம்." உள்ளபடி வந்த எண்ணை எழுதித்தான் அவள் பட்டம் பெற்றாள். பொய் எண் வெளியே போகாததால்தான் இந்த ஆய்வகம் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது.

போன மாதம் அவள் பழைய பதிவேட்டைத் தேநீர் மேசையில் விரித்துவைத்து, எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னாள். கிடங்குப் பொறுப்பாளர்தான் முதலில் வாய் திறந்தார்: "இத்தனை வருஷம் அந்த மனுஷன் முகத்தை எப்படிம்மா பாத்தே?"

"பாக்கல சார். தராசைப் பாத்தே பேசிட்டிருந்தேன்" என்றாள்.

இந்த மடலை எழுதிய கை அவளுடையது. உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் குரலும் அவளுடையதே.

அண்ணே! இனி உங்கள் தோள் ஓயட்டும்! உலை கொதிக்கும் முன்பே உப்பு விழட்டும்! நூறாண்டு நோயின்றி, அண்ணியோடு அமர்ந்து அவசரமில்லாமல் வாழுங்கள்!

உங்கள் பணிக்கோப்பில் ஏறிய அந்த வரியை நீக்கக் கோரி, அவள் முதலாகவும் நாங்கள் பதினேழு பேர் பின்னாகவும் கையெழுத்திட்ட மனு, பதிவேட்டின் நகலோடு நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறது. மூன்று முறை போய்க் கேட்டோம், பதில் இல்லை. நீங்கள் விடைபெறும் இந்த நிமிடத்திலும் உங்கள் கோப்பு உங்களைக் கவனக்குறைவானவர் என்றே சொல்கிறது. அதை அழித்துக் கொடுப்பது நாங்கள் உங்களுக்குப் பட்ட கடன். அது இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
கடன்பட்டவர்கள் பதினெட்டுப் பேர்,
மின்வேதியியல் ஆய்வகம்