சங்கிலி ஜெபத்தில் ஒன்று முதல் இரண்டு வரை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், இச்சபையின் ஆயர் அவர்களே. மேடைக்கு மேன்மை சேர்த்து அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே. வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே. நாற்காலி காலியாக இருந்தும் வேப்பமரத்தடியை விட மாட்டோம் என்று நின்றுகொண்டிருக்கும் வாலிபர்களே. இச்சபையைச் சேராவிட்டாலும் ஒலிபெருக்கியின் குரலுக்கு இசைந்து வந்திருக்கும் பேரையூர்ப் பெருமக்களே. விளாங்குடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் இந்த இன்பசேகரனின் பணிவான வணக்கத்தை உங்கள் ஒவ்வொருவருக்கும் உரித்தாக்குகிறேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு இந்த ஆலயத்தில் முதன்முதலாகச் சங்கிலி ஜெபம் தொடங்குகிறது. ஆறு முதல் ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம், மணிக்கு ஒருவர். பீடத்தின் முன் ஒருவர் மண்டியிட்டிருப்பார். அடுத்தவர் வந்து அருகில் அமர்ந்த பிறகுதான் அவர் எழ வேண்டும். இடையில் ஒரு நிமிடம்கூட அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அதற்கான பட்டியலை எழுதும் பொறுப்பு தங்கை ஜெனிஷாவுடையது. இதோ, மேடையின் ஓரத்தில் கையில் போனும் மடியில் பட்டியலுமாக அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். நான் வந்து இறங்கியதும் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

“சார், யாராவது வரலைன்னா என்ன சார் பண்றது?”

அந்தக் கேள்விக்குள் இருக்கும் நடுக்கத்தை நான் அறிவேன். ஏனென்றால் பதினான்கு ஆண்டுகளாக அந்த நடுக்கத்தையே நான் ஊழியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்பானவர்களே, கவலை என்பது கதவைத் தட்டி அனுமதி கேட்டு வருகிற விருந்தாளியா? இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டிலுக்கு வந்து விடுகிறது. மழை இல்லையென்றால் விதைத்தவனுக்குக் கவலை. மழை வந்தால் அறுத்தவனுக்குக் கவலை. பிள்ளைக்கு வரன் வரவில்லையென்றால் கவலை. வந்த வரன் எப்படியோ என்று கவலை. சரி, ஜெபிக்கிறவனுக்குக் கவலை இருக்காது அல்லவா? அப்படித்தானே நினைக்கிறீர்கள்? உங்கள் முன் நிற்கிற நான் ஜெபத்துக்காகவே கவலைப்பட்டவன்.

மிஷன் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு வாத்தியார் நான். ஓய்வுபெற்றதும் விளாங்குடி சபையில் சங்கிலி ஜெபப் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். எழுதி ஒட்டினால் போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. ஒவ்வொருவரின் நேரத்துக்கும் பத்து நிமிடம் முன்னால் என் போனில் அலாரம் அடிக்கும்; நான் அவர்களுக்குப் போன் அடிப்பேன். “கிளம்பிட்டீங்களா? எங்க வாறீங்க? வண்டி எடுத்தாச்சா?” மெர்வின் என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். என்னிடம் படித்தவர். வகுப்புக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால், இருபது வருடம் கழித்தும் அவருக்கு மட்டும் மூன்று அலாரம் வைத்திருந்தேன். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் மனைவியும் அன்றைக்கு இப்படித்தான் சிரித்தாள்.

என் மனைவி பிலோமினாள். அவளும் ஆசிரியைதான். போன வருடம் ஜூன் மாதம் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தை என் காதில் விழுந்த நாளிலிருந்து நான் தூங்கவில்லை. ஜெபிக்கவில்லையா என்றால், ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவருக்குச் சுற்றறிக்கை அனுப்புவது போல் ஜெபித்தேன். ஆண்டவரே, மருத்துவமனை இன்ன தெருவில் இருக்கிறது, இரண்டாவது மாடி, வலது பக்க அறை, டாக்டருடைய கையை இப்படிப் பிடித்துக்கொள்ளும். சர்வ ஞானிக்கு வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்து எழுந்தால் நெஞ்சு முன்னைவிட வேகமாக அடிக்கும்.

எங்கள் சபை அவளுக்காகச் சங்கிலி ஜெபம் ஏறெடுக்கத் தீர்மானித்தது, ஜூலை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை. பட்டியல் எழுதி ஒட்டிய பிறகு மருத்துவமனையிலிருந்து தகவல் வருகிறது: பரிசோதனை அதே வெள்ளிக்கிழமை. நான் ஜெபத்தைத் தள்ளி வைக்கலாம் என்றேன். யார் யாருக்கு எப்போது போன் செய்வது என்பதுதான் என் பயம். பிலோமினாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏங்க, நீங்க போன் பண்ணாட்டி ஆண்டவர் லைன்ல வர மாட்டாரா?”

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு ஜெபம் தொடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு மெர்வினுடைய ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். அவர் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். நான் படியேறிக்கொண்டே சட்டைப்பையைத் தொட்டேன். போன் இல்லை. கால்சட்டைப் பையைத் தொட்டேன், அங்கும் இல்லை. ஆட்டோவில் விழுந்துவிட்டது. பிலோமினாள் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காவலாளியிடம் போனை வாங்கி என் எண்ணுக்கு மூன்று முறை அடித்தேன்; எடுப்பார் இல்லை. வேறு யாருக்காவது அடிக்கலாம் என்றால், ஐயா, பதினேழாம் வாய்பாடு தலைகீழாகத் தெரிந்த எனக்கு ஒருவருடைய எண்ணும் மனப்பாடமாகத் தெரியவில்லை.

நினைத்துப் பாருங்கள். உள்ளே என் மனைவி. அங்கே ஆலயத்தில் அவளுக்காக ஏறெடுக்கும் ஜெபம். ஒன்பது மணிக்கு யார் வருவார்? பத்து மணிக்காரர் வந்தாரா? பன்னிரண்டு மணிக்கு மெர்வின், சரியான தாமதக்காரன், வருவானா? சங்கிலி அறுந்தால் அவளுக்கு என்ன ஆகும்? சிரிக்காதீர்கள், அந்த வராந்தாவில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. என் தேவன் என்ன, ஒரு மணி நேரம் ஆள் வரவில்லையென்றால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறவரா? அவரை அவ்வளவு சிறியவராக ஆக்கியிருந்தது என் கவலை.

பதினொன்றரை மணிக்குப் பிலோமினாளை உள்ளே கூப்பிட்டார்கள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். வளையலோடு என் கையை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க பட்டியல மூடி வச்சிட்டு, ஒரு தடவ அவரு பேர மட்டும் சொல்லுங்க. போதும். நான் போயிட்டு வாரேன்.”

கதவு மூடியது. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எந்த அலாரமும் இல்லை. வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன். இரண்டாவது மாடி என்று சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. நான் இருப்பதே இரண்டாவது மாடியில். அவர் இங்கே இல்லாமலா இருக்கிறார்? பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன். “இயேசுவே, என்னால முடியல.” அவ்வளவுதான். முப்பத்தொரு ஆண்டு வாத்தியார் வேலையில் ஒருநாளும் சொல்லாத வாக்கியம்.

வானம் திறந்ததா? இல்லை. ஒளி வந்ததா? இல்லை. என் கை சட்டைப்பையைத் தடவுவதை நிறுத்தியது. தோள் இறங்கியது. சபையோரே, ஒரு மாதமாக மெத்தையில் வராத உறக்கம் எனக்கு அந்த இரும்பு நாற்காலியில் வந்தது. முடிவு தெரியவில்லை, ஆனாலும் உறங்கினேன். அறிக்கை வரவில்லை, ஆனாலும் உறங்கினேன். பிலோமினாள்தான் வந்து தோளைத் தட்டினாள். “எந்திரிங்க. முடிஞ்சிருச்சு. கொறட்ட சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு.”

அவளை வீட்டில் இறக்கிவிட்டு நான் ஆலயத்துக்கு விரைந்தேன். மணி ஒன்றே முக்கால். வாசலில் பட்டியல் தொங்குகிறது. எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கத்தான் முதலில் அங்கே போனேன், பழக்கம் போகுமா? வந்தவர்கள் தங்கள் பெயருக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும். ஆறு, ஏழு, எட்டு, டிக். ஒன்பது, பத்து, பதினொன்று, டிக். பன்னிரண்டு, மெர்வின், தெளிவான டிக். எட்டு மணிக்குப் பிறகு நான் ஒருவருக்கும் போன் செய்யவில்லை. அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

அதற்கடுத்து, ஒன்று முதல் இரண்டு வரை உள்ள கட்டத்தில் டிக் இல்லை. அந்தக் கட்டத்தில் இருந்த பெயர் இன்பசேகரன்.

ஆம், என்னுடைய நேரம். நானே எழுதி நானே மறந்த நேரம். ஊரில் எல்லோருக்கும் அலாரம் வைத்த நான் எனக்கு ஒன்று வைக்கவில்லை. அதுவரை வந்திருக்க வேண்டிய எட்டுப் பேரில் வராதவன் நான் ஒருவன்தான்.

அப்படியானால் உள்ளே யார் இருக்கிறார்கள்? மெதுவாகக் கதவைத் தள்ளினேன். பீடத்தின் முன்னே ஒரு பெண், சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, சம்மணம் போட்டு, கைகூப்பி அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் விளக்குமாறு. ஆலய வளாகத்தைப் பெருக்குகிற மலையம்மாள். கீழக்குயில்குடியிலிருந்து தினமும் வருகிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அய்யனாரைக் கும்பிடுகிற குடும்பம்.

நடந்தது இதுதான். மெர்வின் ஒரு மணிக்கு மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும். நான் வரவில்லை. எழுந்தால் இடம் காலி. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறார். “மலையம்மாக்கா, சார் வார வரைக்கும் செத்த ஒக்காருங்கக்கா.” “எனக்கு ஒங்க ஜெபம் தெரியாதே தம்பி.” “தெரிஞ்சதச் சொல்லுங்க. டீச்சருக்காகத்தான்.” விளக்குமாற்றோடு வந்து அமர்ந்துவிட்டார்.

நான் அருகில் போய் மண்டியிட்ட பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டீகளா சார்? டீச்சரு எப்பிடி இருக்காக?”

“நல்லாருக்காங்க. என்னம்மா சொல்லி ஜெபம் பண்ணுனீங்க?”

“எனக்கென்ன தெரியும் சார். ‘சாமி, டீச்சரப் பாத்துக்கப்பா’ன்னேன். பெறகு, ‘எங்க சாரு அம்புட்டுப் பேருக்கும் சேத்துப் பயந்து கெடக்காரு, அவரையும் பாத்துக்க’ன்னேன். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.”

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை. நான் தூங்கிய நேரத்தில், நான் மறந்த நேரத்தில், யாரிடமும் கேட்காத எனக்காக ஒருவர் அங்கே கைகூப்பிக்கொண்டிருந்தார். அன்று மாலை மெர்வின் என் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். “சார், பின் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. பன்னெண்டுக்கு பத்து நிமிசம் இருக்கும்போது அடிச்சது, அப்பத்தான் பாத்தேன். ‘மெர்வின், கண்டிப்பாக’ன்னு போட்டிருந்துச்சு. நான் அதுக்கு முன்னாடியே கோயில் வாசல்ல வந்து நின்னுட்டேன் சார்.”

எட்டு நாளில் அறிக்கை வந்தது. நல்ல செய்தி இல்லை. பயந்த நோய்தான். இதை ஏன் மறைக்க வேண்டும்? அறுவை சிகிச்சை, மருந்து, முடி கொட்டியது, மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் வந்த சமாதானம் அறிக்கையைப் பார்த்து வந்ததில்லை. ஆகவே அறிக்கையைப் பார்த்துப் போகவும் இல்லை. கவலை வந்தது, வராமலா? வந்தபோதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். போன மாதம் மருத்துவர், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். அதோ, இரண்டாவது வரிசையில், குட்டையாக முடி வளர்ந்து, என்னைப் பார்த்து ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று கைக்கடிகாரத்தைத் தட்டுகிறாளே, அவள்தான் பிலோமினாள். பக்கத்தில் இருப்பவர் மலையம்மாள். டீச்சரைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று கூடவே வந்துவிட்டார்.

தங்கை ஜெனிஷா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். யாராவது வரவில்லையென்றால் என்ன செய்வது? அம்மா, யாராவது வராமல்தான் போவார்கள். பட்டியல் எழுதுகிறவரே வராமல் போகலாம். நம்மை நாம் பிடித்துக்கொண்டிருந்தால் என்றைக்கோ விழுந்திருப்போம். பிடித்திருப்பவர் ஆணி பாய்ந்த கையோடு பிடித்திருக்கிறார். அந்தக் கை உறங்குவதில்லை, அந்தக் கை மறப்பதில்லை, அந்தக் கை விடுவதில்லை. அந்தக் கையை நம்பிப் பட்டியலை ஒட்டுங்கள். ஒட்டிவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.

நாளை மதியம் ஒன்று முதல் இரண்டு வரை என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம். போன் பிலோமினாளின் பையில் இருக்கிறது. ஒருவேளை நான் மறந்துவிட்டால், வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுங்கள். ஜெபம் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

பொறுமையோடு செவிமடுத்த அவைத்தலைவருக்கும், அன்னையருக்கும், மரத்தடியை விட்டு எப்போதோ நாற்காலிக்கு வந்துவிட்ட வாலிபர்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. இயேசு ஆண்டவர் தரும் சமாதானம் இன்றிரவு உங்கள் ஒவ்வொருவருடைய வீடு வரைக்கும் கூடவே நடந்து வரட்டும். வணக்கம்.